ராஜா ரவி வர்மாவும் எங்கள் வீட்டு வார்னிஷும்

மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எங்கள் வகுப்பில் ஒருத்தர் விஸ்வேஸ்வரய்யாவை எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் சர் சி.வி. ராமன். கணிதமேதை ராமானுஜத்துக்கு இரண்டு பேர் போட்டி. நான் ராஜா ரவி வர்மாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கெமிக்கல் படிக்கிற பையனுக்கும் ஓவியருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. வார்னிஷ்தான் அந்தச் சம்பந்தம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் படவேடு. வேலூரிலிருந்து போளூர் போகிற சாலையில் சந்தவாசலில் திரும்பி, ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகவேண்டும். ஒரு காலத்தில் சம்புவராயர்கள் ஆண்ட ஊர் என்று சரித்திரத்தில் வரும். இப்போது ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத்தோப்பும்தான் ஊருக்கு அடையாளம். ஆடி வெள்ளி என்றால் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. உறவுக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். அதனால் ஆனி மாசமே வெள்ளையடிப்பு, கதவுக்கு வார்னிஷ் என்று வீடு அமர்க்களப்படும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மகாலட்சுமி படம் உண்டு. தாமரை மேல் நிற்கிற நாலு கை லட்சுமி, பக்கத்தில் துதிக்கையில் மாலை ஏந்திய யானை, கீழே குளத்துத் தண்ணீர். என் கொள்ளுத்தாத்தா ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டில் கொடுத்ததாம். படத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது. மறுபடி போடாமலே விட்டுவிட்டார்கள். ஆயா தினமும் சாயங்காலம் அதற்கு முன்னால் விளக்கேற்றி, சாம்பிராணி போடுவார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த சமயம். கதவுக்கு அடித்தது போக டப்பாவில் கொஞ்சம் வார்னிஷ் மீந்திருந்தது. படம் மங்கலாக இருக்கிறதே, ஆடிக்கு வருகிறவர்கள் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று பிரேமைக் கூடக் கழற்றாமல் அப்படியே ஒரு கோட்டிங் அடித்துவிட்டேன். அடடா, அன்றைக்கு அந்தப் படம் மின்னிய மின்னல் இருக்கிறதே! சித்தி, மாமா எல்லாரும் புதுப் படமா என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கோடையில் அம்மன் முகம் மஞ்சள் பூசியதுபோல் ஆனது. அதற்கடுத்த கோடையில் டீ டிகாஷன் நிறம். விளக்குப் புகையும் தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு யானை இருக்கிற இடமே தெரியவில்லை. ஆயா என்னைத் திட்டவில்லை. தாயார் முகம் ஏன் கறுத்துப்போச்சு என்று மட்டும் ஒருநாள் கேட்டார். திட்டியிருந்தாலாவது தேவலாம்.

அந்தப் படத்தின் அடியில் ரவி வர்மா பிரஸ் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது சின்ன வயதில் பார்த்த ஞாபகம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அரண்மனை என்றதும் பெரிய ராஜா வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு கல்யாண சம்பந்தம் வைத்திருந்த ஒரு ஜமீன் குடும்பம், அவ்வளவுதான். பையன் கரித்துண்டால் சுவரெல்லாம் கிறுக்குவான். வேறு வீடாக இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பார்கள். அவருடைய தாய்மாமன் ராஜ ராஜ வர்மாவே நம்ம தஞ்சாவூர் பாணியில் படம் எழுதுகிறவர். சுவரைப் பார்த்தவர் அடிக்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். 14 வயதில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் விட்டார்.

அங்கேதான் பிரச்னை. எண்ணெய் வண்ணம் என்பது அப்போது நம் நாட்டுக்குப் புதுசு. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு அது தெரியும். ஆனால் இந்தப் பையனுக்குச் சொல்லித்தர அவர் இஷ்டப்படவில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தர மறுத்தார். மகாராஜா சொன்னதால் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. பார்த்தே கற்றுக்கொண்டார் மனுஷன். ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினைத் தொடவிடாமல் பின்வரிசையில் நிற்க வைக்கிறார்களே என்று வருத்தப்படும் நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எண்ணெய் வண்ணத்தை அவர்கள் ஏன் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள்? காரணம் அதன் குணம். நீர் வண்ணத்தில் தண்ணீர் ஆவியானால் வண்ணம் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் அப்படி இல்லை. ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைக்கிறார்கள். அந்த எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறோடு மூலக்கூறு கைகோர்த்து மெள்ள மெள்ளக் கெட்டியாகிறது. மேலே கைபடக் காய நாட்கள் ஆகும். உள்ளே முழுக்க இறுக வருஷக் கணக்கு ஆகும். அதனால் ஓவியர் நிதானமாக ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் இழைக்கலாம். பட்டுச் சேலையின் மடிப்பு, முத்துமாலையின் பளபளப்பு, கன்னத்தின் மேல் விழுகிற வெளிச்சம் எல்லாம் அந்தத் தாமதத்தால் கிடைப்பவை.

ஆனால் காய்ந்த பிறகு ஒரு சங்கடம். சில நிறங்கள் எண்ணெயை உள்ளே வாங்கிக்கொண்டு மங்கிப்போகும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். இதற்குத்தான் கடைசியில் வார்னிஷ். எங்கள் ஊர்க் கமண்டல நதியில் தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல்லைப் பாருங்கள், செக்கச் செவேல் என்று இருக்கும். வெளியில் எடுத்துக் காய்ந்ததும் வெளிறிவிடும். கல் மாறவில்லை. காய்ந்த கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பில் ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. ஈரம் இருந்தால் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுகிறது. வார்னிஷ் என்பது படத்தின் மேல் நிரந்தரமாக நிற்கிற ஈரம். கூடவே தூசியும் புகையும் நேராக வண்ணத்தில் படியாமல் தடுக்கும்.

அந்தக் காலத்தில் வார்னிஷ் என்றால் மரப்பிசின்தான். டாமர், மாஸ்டிக், காப்பல். டாமர் என்பது வேறு எதுவும் இல்லை, நம்ம குங்கிலியத்தின் சொந்தக்காரன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலிய மரம் வளர்கிறது. டாமரை டர்பன்டைனில் கரைத்து, காய்ந்த படத்தின் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். இப்படி மரப்பிசின் வார்னிஷ் பூசுவது ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக நடந்துவந்த வழக்கம்.

திரும்ப ரவி வர்மாவிடம் வருவோம். 1873-ல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் பூ முடிக்கும் நாயர் பெண் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அப்போது வயது 25. சகுந்தலை தாமரை இலையில் கடிதம் எழுதுகிற படத்தை சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார். அதற்கப்புறம் பரோடா, மைசூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாக அழைப்பு. தம்பி சி. ராஜ ராஜ வர்மாவும் நல்ல ஓவியர். பின்னணி மலை, மரம், வானம் எழுதுவதிலும் கணக்கு வழக்கு பார்ப்பதிலும் அண்ணனுக்கு வலது கை அவர்தான். பரோடா மகாராஜாவுக்காக 14 புராணப் படங்கள் எழுதினார்கள். புராண நாயகிகளுக்கு எந்த மாதிரி உடை போடுவது என்று நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 படங்கள் போய்ப் பதக்கங்களோடு திரும்பின. சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் பேசியதும் அதே வருஷம்தான். விருதுகளை வரிசையாக எழுதினால் மலரில் பக்கம் பத்தாது. இதோடு விடுகிறேன்.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் பெரிதாகப் படுவது வேறு. பரோடா படங்களைப் பார்க்க ஜனம் திரண்டது. ஆனால் ஒரு படம் ஒரு அரண்மனைச் சுவரில்தானே தொங்க முடியும்? எத்தனை பேர் கேட்டாலும் அவருக்கு இருந்தது இரண்டு கைதான். கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ், படங்களை அச்சடித்துப் பரப்பலாமே என்று ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். 1894-ல் ரவி வர்மா துணிந்து இறங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வரவழைத்து பம்பாயில் அச்சகம் தொடங்கினார்.

அதன் தொழில்நுட்பம் நம்ம மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விதியை வைத்து நடக்கிற வேலை அது. சுண்ணாம்புக் கல் பலகையில் கொழுப்பு மையால் வரைகிறார்கள். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரே தாள் இத்தனை கல்லிலும் மயிரிழை பிசகாமல் ஏறி இறங்கவேண்டும். ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தால் அம்மன் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலவே தெரியவேண்டும் என்பதற்காக இந்த வகை அச்சுப் படங்களில் சிலவற்றுக்குத் துணி நெசவு மாதிரி புடைப்புக் கொடுத்து, மேலே வார்னிஷும் பூசுவார்கள். ஓலியோகிராப் என்று பெயர்.

லட்சுமியும் சரஸ்வதியும் இந்தியா முழுக்க வீடு வீடாகப் போனார்கள். அன்றைக்கு எத்தனையோ பேருக்குக் கோயில் வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1939-ல். அதற்கு 40 வருஷம் முன்னாலேயே அச்சுத் தாளில் தெய்வம் குடிசைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர் சாமியைக் கடைச் சரக்காக்கிவிட்டார் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. மேல்நாட்டுப் பாணியைக் காப்பியடித்தவர் என்று கலை விமரிசகர்களும் பின்னாளில் சாடினார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் என் கொள்ளுத்தாத்தா வீட்டுச் சுவருக்கு எந்த விமரிசகரும் படம் அனுப்பவில்லை.

அச்சகத்தால் அவருக்கு லாபம் வரவில்லை. பம்பாயில் பிளேக் நோய். அச்சகத்தை லோணாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. கடைசியில் அச்சகத்தையும், ஏராளமான படங்களை அச்சடிக்கும் உரிமையையும் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பக்காரர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். அவர் கைக்குப் போனபிறகுதான் அது நன்றாக நடந்தது. 1972-ல் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்து, மிச்சமிருந்த பலவும் அழிந்துபோயின.

1905 ஜனவரியில் தம்பி இறந்தார். கூடவே நிழலாக இருந்தவர் போனதும் அண்ணன் உடைந்துபோனார். சர்க்கரை வியாதி வேறு. 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரிலேயே ரவி வர்மா காலமானார். 58 வயது.

வாழ்க்கை வரலாறு இங்கே முடிகிறது. ஆனால் படங்களின் வாழ்க்கை முடியவில்லையே!

ரவி வர்மா இறந்த மறு வருஷம், 1907-ல், அமெரிக்காவில் லியோ பேக்கலண்டு என்ற வேதியியலாளர் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து ஒரு பிசின் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நாம் பரீட்சையில் எழுதுகிற அதே பேக்கலைட். அவர் ஆரம்பத்தில் தேடியது எதைத் தெரியுமா? நம் நாட்டு அரக்குக்கு ஒரு மாற்று. அந்தப் பிசின் பழுப்பு நிறம், ஓவியத்துக்கு ஆகாது. ஆனாலும் மரத்தையும் பூச்சியையும் நம்பாமல் பிசினைத் தொழிற்சாலையில் செய்யலாம் என்ற கதவு அப்போது திறந்தது. ரவி வர்மா அந்தக் கதவைப் பார்க்கவில்லை. அவர் காலம் முழுக்க மரப்பிசின் காலம்.

மரப்பிசின் வார்னிஷின் வியாதி என்ன? வெளிச்சமும் ஆக்சிஜனும் படப்பட அது மஞ்சளாகிறது. நீல வானம் பச்சையாகிறது, வெள்ளைச் சேலை பழுப்பாகிறது. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. புதிதாக இருக்கும்போது டர்பன்டைனில் கரைகிற டாமர், வயதான பிறகு அதில் கரையாது. ஆல்கஹால், அசிட்டோன் மாதிரி வீரியமான கரைப்பான் வேண்டும். அந்த அசிட்டோன் வார்னிஷோடு நிற்குமா? கீழே இருக்கிற எண்ணெய் வண்ணத்தையும் ஊதவைக்கும். ஒவ்வொரு முறை பழைய வார்னிஷை எடுக்கும்போதும் ஓவியரின் கைவேலை கொஞ்சம் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது.

இந்தப் பாடத்தை நம் நாடு அஜந்தாவில் படித்தது. 1920-22-ல் ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்துச் சுவரோவியங்களைக் காப்பாற்றச் சொன்னது. உதிர்கிற வண்ணத்தை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றினார்கள், உண்மை. ஆனால் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிக் கறுத்தது. பிறகு இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அதை எடுக்கவேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் பங்குக்குப் பாலிவினைல் அசிடேட் என்ற செயற்கைப் பிசினைப் பூசினார்கள். அதிலும் பின்னால் குறை தெரிந்தது.

செயற்கைப் பிசின் என்றால் எல்லாமே ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். இரண்டாம் வருஷம் பாலிமர் பாடம் நடத்தும்போதுதான் மண்டையில் உறைத்தது. சூட்டில் இளகுகிற வகை, ஒரு தடவை இறுகினால் இளகாத வகை என்று இரண்டு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மர வேலைக்கு விற்கிற ஆல்கிட், பாலியூரித்தேன் வார்னிஷ்கள் இரண்டாவது வகை. அவை காய்வதே மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொள்வதால்தான். கதவுக்கு அது நல்ல குணம், மழை வெயிலைத் தாங்கும். படத்துக்கு அதுவே விஷம். பின்னல் விழுந்த வலை எந்தக் கரைப்பானிலும் கரையாது. ஓவியத்துக்கு வேண்டியது முதல் வகை. கரைப்பான் ஆவியானால் படலமாக நிற்கவேண்டும், 50 வருஷம் கழித்து அதே கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் வந்துவிடவேண்டும். பளபளப்பு எல்லா வார்னிஷுக்கும் வரும். திரும்பி வருவதுதான் அபூர்வம்.

அதையும் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். பியூட்டைல் மெதாக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிசின் நன்றாகக் கரைகிறதே என்று ஓவியங்களுக்குப் பூசினார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து மெல்லன் நிறுவனத்தில் ராபர்ட் ஃபெல்லர் என்பவர் 1950களில் அதை ஒளியில் வைத்துச் சோதித்தார். வெளிச்சம் பட்டால் அதுவும் உள்ளுக்குள் பின்னிக்கொண்டு கரையாமல் போகிறது என்று கண்டுபிடித்தார். சோதனையில் நின்றது பாரலாய்டு பி-72. எத்தில் மெதாக்ரிலேட், மெத்தில் அக்ரிலேட் இரண்டும் சேர்ந்த கூட்டுப் பலபடி. டொலுவீன், சைலீன், அசிட்டோனில் கரையும். மஞ்சளாவது மிகமிகக் குறைவு. இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இதன் பெயர் தெரியாதவர்கள் இல்லை.

பி-72-க்கும் ஒரு குறை உண்டு. மூலக்கூறு நீளமானது. கரைசல் கெட்டியாக இருப்பதால், குங்கிலியம் மாதிரி வண்ணத்தின் சின்னச் சின்னப் பள்ளத்திலெல்லாம் இறங்கிப் பரவாது. நான் சொன்ன கூழாங்கல் ஈரம் முழுசாக வராது. கறுப்பு நிறம் கொஞ்சம் சாம்பலாகவே நிற்கும். அதனால் சின்ன மூலக்கூறு உள்ள கீட்டோன் பிசின்களைச் செய்தார்கள், எம்.எஸ். 2ஏ அப்படிப்பட்டது. 1990 வாக்கில் ஹைட்ரஜன் ஏற்றிய ரெகல்ரெஸ் 1094 வந்தது. ஒளியைத் தாங்க அதில் ஒரு நிலைநிறுத்தியும் கலப்பார்கள். இவை குங்கிலியத்தின் அழகையும் தந்து, எளிய கரைப்பானிலேயே திரும்பியும் வருகின்றன.

நம்ம ஊருக்கென்று ஒரு தனிப் பிரச்னை, வெயில். ஒவ்வொரு பலபடிக்கும் கண்ணாடி மாதிரி இறுகி இருப்பதிலிருந்து ரப்பர் மாதிரி இளகுகிற ஒரு வெப்பநிலை உண்டு என்று படித்திருக்கிறோம். பாலிவினைல் அசிடேட்டுக்கு அது சுமார் 30 டிகிரி செல்சியஸ். பி-72-க்கு சுமார் 40. லண்டனில் இது ஒரு பொருட்டே இல்லை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் சித்திரை வெயில் 40-ஐ சர்வசாதாரணமாகத் தாண்டுமே! இளகிய படலத்தில் தூசி ஒட்டினால் ஒட்டினதுதான், தட்டினால் போகாது. மேல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே பூசிவிட முடியாது என்பதற்கு இதுவே உதாரணம்.

ரவி வர்மாவின் ஓவியங்களை 1979-ல் மத்திய அரசு கலைப் பொக்கிஷமாக அறிவித்தது. அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யமுடியாது. திருவனந்தபுரத்தில் 1935-ல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம், மைசூர் ஜகன்மோகன் அரண்மனை, பரோடா, நம்ம எழும்பூர் அருங்காட்சியகம் என்று படங்கள் பல இடங்களில் இருக்கின்றன. 1993-ல் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த பெரிய கண்காட்சியை ஓவியர் ஏ. ராமச்சந்திரனும், ரவி வர்மா படங்கள் பலவற்றைச் செப்பனிட்ட ரூபிகா சாவ்லாவும் சேர்ந்து அமைத்தார்கள். பழைய வார்னிஷை எடுப்பது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? தீக்குச்சி கனத்தில் ஒரு குச்சி, நுனியில் பஞ்சு, அதில் கரைப்பான். ஒரு சதுர அங்குலமாக உருட்டி உருட்டி எடுக்கவேண்டும். பஞ்சில் மஞ்சள் வந்தால் வார்னிஷ். பஞ்சில் நிறம் வந்தால் உடனே கையை எடுக்கவேண்டும், அது ரவி வர்மா.

போன வருஷம் செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டுப் படத்தை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஓவியம் பாதுகாக்கிற வேலை தெரிந்த ஒருவரிடம் போனேன். கான்வாஸ் ஓவியத்துக்கே அவ்வளவு கஷ்டம் என்றால் இது காகிதம். வார்னிஷ் மேலே நிற்காமல் நாருக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஓரத்தில் ஒரு கடுகளவு இடத்தில் அவர் பஞ்சை வைத்துப் பார்த்தார். வார்னிஷ் அசையவில்லை, அச்சு மை அசைந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார். இனிமேல் எதுவும் பூசாதே, தண்ணீரால் துடைக்காதே, கண்ணாடி போடு, கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி விடு, சாம்பிராணியைக் கொஞ்சம் தள்ளி வை என்றார். காசு வாங்கவில்லை.

ஆனால் பிரேமைக் கழற்றியபோது ஒன்றைப் பார்த்தோம். நான்தான் பிரேமோடு சேர்த்து அடித்தேனே, பிரேமின் விளிம்புக்கு அடியில் இருந்த சுண்டுவிரல் அகலத்துக்கு வார்னிஷ் படவே இல்லை. புகையும் போகவில்லை, வெளிச்சமும் போகவில்லை. நாலு பக்கமும் ஒரு ரிப்பன் மாதிரி, அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கு இருந்த நிறம். கீழ்ப் பக்கத்தில் குளத்துத் தண்ணீர் தெரிந்தது. இத்தனை நாளும் அதை மஞ்சள் கலந்த சேற்றுத் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் அப்படி ஒரு நிறம்.

ஊருக்குத் திரும்பியதும் சந்தவாசலில் கண்ணாடி வாங்கி, பிரேமை முன்னைவிடக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னேன். அந்த ரிப்பன் இப்போது மறையாமல் வெளியே தெரிகிறது. ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலால் கண்ணாடியைத் தடவி, இந்தத் தண்ணி இவ்வளவு நல்லா இருந்துச்சா என்று கேட்டார். ஆமாம் ஆயா என்றேன். அன்றைக்கு விளக்கை வழக்கத்தைவிட ஒரு முழம் தள்ளி வைத்தார்.